சில்லுக்குக் கீழே நாலு தேசிக்காய்

வீட்டில் தேசிக்காய் களவு போகிறது என்பதைப் பவளராணி பங்குனி மாதத்தில்தான் கண்டுபிடித்தாள். டென்மார்க்கின் விபோர்க் நகரத்து அரபுக்கடையில் வெள்ளிக்கிழமைகளில் பத்து எலுமிச்சை, அவள் சொல்கிறபடி தேசிக்காய், வாங்குவது அவள் வழக்கம். சொதிக்கு, மீனுக்கு, சம்பலுக்கு என்று எது எங்கே போகிறது என்பது அவளுக்கு மனப்பாடம். முதியோர் இல்லத்துச் சமையலறையில் பதினொரு வருஷமாக வேலை செய்கிறவளுக்கு எண்ணிக்கை பிழைக்காது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்த்தால் கூடையில் நாலு குறையும். அடுத்த ஞாயிறும் நாலு. மூன்றல்ல, ஐந்தல்ல, கணக்காக நாலு.

வீட்டில் இருப்பது அவளும் புருஷன் குகநேசனும் மட்டும். அந்த மனுஷன் தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தலைக் கண்டாலே பல்லுக் கூசுகிறது என்று மற்றப் பக்கம் திரும்புகிறவர். கரைத்துக் குடிக்கிறதும் இல்லை. எலி தின்னுமா என்று யோசித்துப் பார்த்தாள், டென்மார்க் எலிக்கு அவ்வளவு வாய் ருசி கிடையாது. வேறு பெண் சகவாசமோ என்று ஒரு நாள் முழுக்க யோசித்தாள். பூங்கொத்தோடு போனால் நம்பலாம், நாலு தேசிக்காயோடு எந்த மடையன் பெண் பார்க்கப் போவான் என்று அதையும் தள்ளிவிட்டாள். கேட்டுவிடலாம்தான். ஆனால் அந்த இரண்டாயிரத்தொன்பது தை மாதம் தொடங்கி அந்த வீட்டில் யாரும் யாரிடமும் எதுவும் கேட்கும் நிலையில் இல்லை. இலங்கையில், வன்னியில் சண்டை இறுகிக்கொண்டே வந்தது. குகநேசன் யன்னல் தொழிற்சாலையால் வந்ததும் தொலைக்காட்சிக்கு முன்னால் குந்துவார், விடிந்தால் வேலைக்குப் போவார். சனிக்கிழமைகளில் ஆர்ப்பாட்டத்துக்குக் கொப்பன்ஹேகன் பஸ்ஸில் ஏறுவார், ஞாயிறில் எங்கோ ஒரு மணித்தியாலம் போய்விட்டு வருவார். பேச்சுக் கொடுத்தால் "ம்" என்பார். "ம்" என்பதை வைத்துக்கொண்டு என்னத்தை விசாரிப்பது?

வைகாசி இரண்டாம் கிழமை மாக்கிரட் தொலைபேசி எடுத்தாள். ஊருக்கு வெளியே பண்ணை வைத்திருக்கிற டேனிஷ்க் கிழவி. அவளுடைய வைக்கோல் கொட்டிலில் குகநேசன் விட்டுவைத்த பழைய கார் ஒன்று பவளராணி கலியாணம் கட்டி வந்த தொண்ணூற்று மூன்றாம் ஆண்டுக்கு முன்பிருந்தே படங்குச் சீலையால் மூடிக் கிடக்கிறது. வந்த புதிதில் ஒரு முறை, படங்கு மூடினபடியே, பார்த்திருக்கிறாள். யாருடையது என்று கேட்டதற்குப் பழைய கூட்டாளி பூபாலனுடையது என்றார். ஏன் கிடக்கிறது என்றதற்கு, கிடக்கட்டும் என்றார். அதோடு சரி.

பண்ணையை விற்றாகிவிட்டது, இந்த மாதம் முடிவதற்குள் கொட்டில் காலியாக வேண்டும், உன் கணவரிடம் இரண்டு முறை சொல்லியும் தலையை மட்டும் ஆட்டுகிறார் என்றாள் மாக்கிரட். பிறகு தொலைபேசியை வைக்கப் போனவள், ஒவ்வொரு ஞாயிறும் அவர் வந்து காருக்குப் பக்கத்தில் பத்து நிமிஷம் முழங்காலில் நின்றுவிட்டுப் போகிறாரே, அது உங்கள் சமயமா என்று கேட்டாள். பவளராணிக்கு மூக்கு வேர்த்துவிட்டது. ஓம், சமயம்தான் என்று சொல்லி வைத்தாள்.

பதினாறாம் திகதி சனிக்கிழமை குகநேசன் கொப்பன்ஹேகனுக்குப் புறப்பட்டார். ஒரு கிழமை லீவு போட்டிருந்தார், பாராளுமன்றத்துக்கு முன்னால் சனம் இரவு பகலாக நின்றது. அவருடைய பஸ் றோட்டு மூலையில் திரும்பி மறைந்ததோ இல்லையோ, பவளராணி தங்களது ரொயோட்டாவை எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போய் இறங்கினாள்.

மாக்கிரட் கொட்டில் கதவைத் திறந்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள். பவளராணி படங்கின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தாள். தூசு அடங்கியதும் ஒரு சிவப்புக் கார் தெரிந்தது. கார் என்றால் அவளுக்குத் தெரிந்தது நாலு கதவும், மீன்பெட்டி வைக்கப் பின்னால் இடமும். இது தரையோடு தரையாகக் கிடந்தது, முன்பக்கம் மூன்று பேர் படுத்து எழும்பும் நீளம், ஆட்கள் இருக்கவோ இரண்டே இரண்டு இருக்கை. கோர்வெற் என்று பின்னால் எழுதியிருந்தது. அமெரிக்காக்காரன் ஊர் இடம் கிடக்கிற திமிரில் செய்த கார் என்று நினைத்துக்கொண்டாள். தட்டிப் பார்த்தாள். தகரச் சத்தம் இல்லை, பிளாஸ்ரிக் வாளியைத் தட்டினாற்போல் டொக்கென்றது. எல்லாம் வேடிக்கையாக இருந்தது. கதவைத் திறந்து உள்ளே சரிந்து இருந்து, காலை நீட்டித் துழாவினாள். மிதிகள் இரண்டுதான் இருந்தன. கிளச் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தரை. ஒன்றை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் போல என்று குனிந்து தேடியபோதுதான், திறந்த கதவின் கீழால் முன் சில்லு தெரிந்தது. சில்லுக்கு முன்னால், ரயரோடு ஒட்டினாற்போல், ஒரு தேசிக்காய்.

இறங்கிச் சுற்றி வந்தாள். நாலு சில்லுக்கும் நாலு. போன கிழமை அவள் அரபுக்கடையில் வாங்கிய அதே காய்கள், இலேசாகப் பழுக்கத் தொடங்கியிருந்தன. சுவரோரம் ஒரு பழைய வாளி நிறையக் கறுத்துச் சுருங்கிய தேசிக்காய்கள், சில கல்லுப் போல.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பவளராணி மட்டக்களப்பாள். மட்டக்களப்புக்குப் போனால் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தார் சொல்கிற அதே மட்டக்களப்பு. கலியாணத்தன்று குகநேசனின் யாழ்ப்பாணத்து மாமிமார் அவள் கொடுத்த தேத்தண்ணியைக்கூட மணந்து பார்த்துத்தான் குடித்தார்கள். அந்த மாந்திரீகத்தில் ஒரு சொல்லும் அவளுக்குத் தெரியாது. ஆனால் ஒதுக்குப்புறமான கொட்டில், படங்கால் மூடிய பொருள், நாலு மூலைக்கும் நாலு தேசிக்காய், கிழமை தவறாமல் மாற்றுகிறது என்றால் அது என்ன என்று அவளுக்கு ஆரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. செய்வினை. தன்னுடைய புருஷனை யாரோ வளைத்துப் பிடித்துச் செய்விக்கிறார்கள். இந்த மனுஷன் நாலு மாதமாகச் சாப்பிடாமல் பேசாமல் இருக்கிற காரணம் இப்போது அல்லவா தெரிகிறது!

சமையலறைக் கையுறை எப்போதும் கைப்பையில் கிடக்கும். போட்டுக்கொண்டு நாலையும் பொறுக்கிப் பையில் கட்டினாள். நேரே விபோர்க் ஏரிக்கு வந்தாள். அவள் அதை ஏரி என்று சொல்வதில்லை, ஊர் வழக்கப்படி வாவி என்றுதான் சொல்வாள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். பவளராணி வாவியில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணியே போட்டாள். வாத்துகள் பாண் துண்டு என்று நினைத்து ஓடி வந்தன. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அன்றைக்கு இரவு நிம்மதியாக நித்திரை கொண்டாள் என்பதையும் மறைக்கக் கூடாது.

இரண்டு நாள் கழித்துச் சண்டை முடிந்தது என்று செய்தி வந்தது.

குகநேசன் செவ்வாய்க்கிழமை பின்னேரம் வீடு வந்து சேர்ந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் வந்து கதிரையில் இருந்தார். அவருக்கு ஐம்பத்திமூன்று வயது, அன்றைக்குப் பார்த்தால் எழுபது சொல்லலாம். பவளராணி சோறு போட்டாள், ஆறிப்போனது. அவளுடைய ஆட்களிலும் சிலர் வன்னிப் பக்கம் இருந்தவர்கள்தான், அழுகை வந்தது, அழுதாள். அவர் அழவும் இல்லை.

வியாழக்கிழமை கிறிஸ்து விண்ணேறிய விடுமுறை. குகநேசன் காலையில் கூடையில் கைவிட்டு நாலு தேசிக்காயை அவள் கண் முன்னாலேயே எடுத்தார். ஒளிக்கிறதற்கும் அவருக்குச் சீவன் இல்லை. ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்து அந்த நாலையும் மேசையில் வைத்தார். ஒன்று உருண்டு உப்புப் போத்தலில் முட்டி நின்றது.

"எடுத்திட்டான்," என்றார்.

ஆர், என்னத்தை என்று அவள் கேட்டாள். அதற்குப் பிறகு, பதினாறு வருஷமாகச் சொல்லாததை அவர் ஒரு மணித்தியாலத்தில் சொன்னார்.

பூபாலன் என்கிற பூபாலசிங்கமும் அவரும் ஒரே கிழமை டென்மார்க்குக்கு வந்த அகதிகள். முகாமில் ஒரே அறை, பிறகு ஒரே தொழிற்சாலை. பூபாலன் ஊரில் மோட்டார் மெக்கானிக். எண்பத்தொன்பதில் ஓல்போர்க்கில் ஒரு டேனிஷ்காரன் எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டுப் பூட்டத் தெரியாமல் முழித்த இந்தக் காரைக் குகநேசன் கண்டுபிடித்தார். எழுபத்துநாலாம் ஆண்டுக் கார். இரண்டு பேரும் சேர்ந்து வாங்கினார்கள், கடதாசி பூபாலனின் பெயரில். வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் பூபாலன் கிளச் இல்லை என்று கண்டு இரண்டு நாள் கோபம் போட்டான். ஓட்டோமற்றிக் கார் ஆம்பிளை ஓட்டுகிற காரா, என்ர இடக்காலை நான் என்ன வாடகைக்கு விடுறதோ என்று கேட்டான். கோபம் ஆறி, மாக்கிரட்டின் கொட்டிலில் ஒரு வருஷம் படுத்துக் கிடந்து பூட்டி முடித்தான்.

முதல் ஓட்டத்துக்கு நாள் பார்த்தார்கள். தொண்ணூறாம் ஆண்டு சித்திரை. எங்கள் ஆட்கள் புது வாகனம் எடுத்தால் செய்கிறதுபோல் சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டி, நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தாயிற்று. ஏறி நசித்துக்கொண்டு புறப்பட வேண்டியதுதான். அந்த நேரம் மாக்கிரட் வீட்டுக்குள் இருந்து கூப்பிட்டாள், தொலைபேசி. ஊரில் பூபாலனின் அம்மாவுக்குக் கடும் சுகவீனம். அவன் அடுத்த நாளே ஊருக்கு வெளிக்கிட்டான். தேசிக்காயை எடுக்காதை, நான் வந்துதான் ஏத்தி நசிப்பன் என்று சொல்லிவிட்டுப் போனான். ஆனியில் சண்டை தொடங்கியது, பாதை பூட்டியது. அம்மா செத்தா. வதிவிட அனுமதியும் காலாவதியானது. கிளிநொச்சியில் கராஜ் போட்டான், கலியாணம் முடித்தான். குகநேசன் வருஷா வருஷம் சித்திரையில் தேசிக்காயை மாற்றிக்கொண்டு வந்தார்.

"சமாதான காலத்தில ரெலிபோன் எடுத்துக் கதைச்சவன். முப்பத்தஞ்சு வயசு வந்தால் அங்க வெற்றரன் கார், பழங்கார் எண்டு வரியும் குறைவு, ரண்டாயிரத்தொன்பதில வாறன், நீ தேசிக்காயை மாத்து எண்டவன்."

தை மாதத்துக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அதற்குப் பிறகுதான் குகநேசன் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியதைக் கிழமைக்கு ஒருமுறை ஆக்கினார். வாடவிடக் கூடாது என்று ஒரு பிடிவாதம். ஆர்ப்பாட்டம், வேலை என்று ஓடின ஓட்டத்தில் கடைக்குப் போக நேரமில்லாமல் வீட்டுக் கூடையில் கைவைத்தார்.

"இண்டைக்குப் போய்ப் பாக்கிறன், ஒண்டும் இல்லை. கதவு பூட்டினபடி. மாக்கிரட் ஏன் தொடப்போறா? இருபது வருஷம் தொடாத மனுசி. அவன் போய்ச் சேந்திட்டான், அவன்தான் வந்து எடுத்துக்கொண்டு போயிட்டான். சொல்லிப்போட்டுப் போறான், மச்சான் இனி வைக்காதை எண்டு."

சொல்லிவிட்டு அவர் ஓல்போர்க்கில் பழைய அமெரிக்கக் கார் வாங்குகிற ஒருவனுக்குத் தொலைபேசி எடுத்தார். கடதாசிக்காரன் கையெழுத்து வைக்காமல் முழுக்காராக விற்க முடியாது, ஆனால் பிரித்து உதிரிப் பாகமாக எடுப்பதற்குத் தடை இல்லை, சனிக்கிழமை காலை வருகிறேன் என்று அவன் சொன்னான். குகநேசன் சரி என்றார். நிமிஷத்தில் முடிந்த அலுவல்.

பவளராணி மேசையில் கிடந்த நாலு தேசிக்காயையும் பார்த்தபடி இருந்தாள். பேயறைந்தாற்போல் இருந்தாள். அவளுக்குள் ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொல்லியது, அந்த மனுஷனின் உயிரை வாவியில் எண்ணி எண்ணிப் போட்டது நீதான். பதினாறாம் திகதி போட்டாய், பதினெட்டாம் திகதி எல்லாம் முடிந்தது. இது வீண் பயம் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் நெஞ்சு இடிக்காமல் விடுமா? காணாத மனுஷன் ஒருவனுக்காக அவள் அன்று அழுத அழுகை, சொந்தத் தம்பி செத்ததுக்கும் அழுததில்லை. சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தவள், எழும்பிப் போய்த் தேத்தண்ணிக் கேத்தலை அடுப்பில் வைத்தாள். இத்தனை வருஷம் கழித்து, மாமிமார் மணந்து பார்த்த தேத்தண்ணி சரிதான் என்று ஆகிவிடுமே!

வெள்ளிக்கிழமை முழுக்கச் சமையலறையில் கிழவர்களுக்குச் சூப்பில் இரண்டு தரம் உப்புப் போட்டாள். வீட்டுக்கு வந்தபோது குகநேசன் காரின் கடதாசியை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். பூபாலனின் கையெழுத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு அவளால் தாங்க ஏலவில்லை.

"இஞ்சாருங்கோ, அந்தத் தேசிக்காயை எடுத்தது நான்."

அவர் நிமிர்ந்தார். அவள் களவு பிடிக்கப் போனது முதல், கொட்டில், வாளி, கையுறை, செய்வினை என்று ஒன்றும் விடாமல் கொட்டினாள். திட்டுவார், இல்லை கையில் இருப்பதை எறிவார் என்று கதவோரமாக நின்றுதான் சொன்னாள்.

"எங்க போட்டனீர்?"

"வாவியில."

"நாலையுமோ?"

"நாலையும். எண்ணித்தான் போட்டனான்."

"திரும்பிப் பாத்தனீரோ?"

"இல்லை."

குகநேசனின் வாய் கோணியது. அழப் போகிறார் என்று அவள் கிட்டப் போனாள். அவர் சிரித்தார். நாலு மாதமாகச் சிரிக்காத சிரிப்பு, கதிரை ஆடுகிற சிரிப்பு, கண்ணால் தண்ணி ஓடியது, எப்போது அது அழுகையாக மாறியது என்று இருவருக்கும் தெரியாது. கடைசியில் சட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"அப்ப அவன் எடுக்கேல்லை," என்றார்.

ஓல்போர்க்காரனுக்கு வர வேண்டாம் என்று அறிவித்தார். அவன் முணுமுணுத்தான், முணுமுணுக்கட்டும்.

காரை எங்கே வைப்பது என்ற கேள்வி மிஞ்சியது. வீட்டில் ஒரு கார் நிறுத்தும் கொட்டகைதான், அதில் ரொயோட்டா நின்றது. பவளராணி ரொயோட்டாவை எடுத்துக்கொண்டு போய் றோட்டில் மழைக்குள் விட்டாள். மாதக் கடைசியில் தொழிற்சாலை நண்பன் ஒருவனின் ரெயிலரில் கோர்வெற் வந்து இறங்கியது. கொட்டிலில் இருந்து ஏற்றும்போது சில்லு ஒரு அடி உருண்டாலும் காய்கள் நசியுமே என்று, உண்மையைச் சொன்ன அந்த வெள்ளிக்கிழமை மாலையே தான் கொட்டிலுக்குப் போய்ப் புதிதாக வைத்திருந்த நாலையும் பவளராணி வெறும் கையால் பொறுக்கி எடுத்தாள். வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்து, கொட்டகையில் கார் நின்ற பிறகு பழையபடி வைத்தாள். பக்கத்து வீட்டு டேனிஷ்காரன் எட்டிப் பார்த்து, கார் உருளாமல் இருக்கவா என்று கேட்டான். ஓம், உருளாமல் இருக்கத்தான் என்றாள்.

பிறகு தேடல். சண்டைக்குள்ளால் வந்த சனத்தை அடைத்து வைத்த முகாம்களின் பெயர்ப் பட்டியல்கள் ஆளுக்கு ஆள் கைமாறி வந்தன. குகநேசன் ஒவ்வொரு பூபாலசிங்கத்தையும் தகப்பன் பெயரோடு ஒப்பிட்டார். கிழமைகள் போயின. அவள் தேசிக்காய்களை மாற்றினாள். இப்போது அரபுக்கடையில் பதினாலு வாங்கினாள்.

ஆடி தொடங்கிய ஒரு சனிக்கிழமை மத்தியானம், மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது, தெரியாத இலக்கத்திலிருந்து குகநேசனின் கைத்தொலைபேசி அடித்தது. வவுனியா முகாமில் இருந்து, யாருடையதோ ஒளித்து வைத்த தொலைபேசி. இரைச்சலுக்குள் ஒரு குரல் பூபாலன் என்று தன் பேரைச் சொல்லியது. குகநேசன் கையால் அவளைக் கூப்பிட்டார். பவளராணி அடுப்பை நிறுத்திவிட்டு, ஒரு காதை அவர் கன்னத்தோடு சேர்த்து வைத்தாள். அவள் அந்தக் குரலைக் கேட்பது அதுதான் முதல் தடவை.

மனைவியும் பிள்ளைகளும் தன்னோடு இருக்கிறார்கள் என்றது குரல். நேரமில்லை, பின்னால் வரிசை நிற்கிறது என்றது.

"கார் நிக்குதோ?"

"நிக்குதடா. என்ர வீட்டில நிக்குது. தேசிக்காயும் கிடக்குது."

"மச்சான், அது ஓட்டோமற்றிக்தானே?"

இதென்ன கேள்வி என்று பவளராணி திகைத்தாள். நெருப்புக்குள்ளால் வந்த மனுஷன் உலகத்தில் கேட்க வேறொன்றும் இல்லையா? குகநேசனுக்கும் விளங்கவில்லை, உன்ர காரடா, உனக்குத் தெரியாதா, இரண்டு நாள் கோபம் போட்டனியே என்றார்.

"சொல்லன்."

"ஓம். ஓட்டோமற்றிக்தான்."

"அப்ப எனக்குக் காணும், ஓட்டுவன். இடக்கால் போயிட்டுது, மச்சான். வலது இருக்கு."

தொலைபேசி நின்றுவிட்டது. குகநேசன் அதை மேசையில் வைத்தார். பிறகு கொட்டகைக்குப் போய், காரின் கதவைத் திறந்து, குனிந்து உள்ளே பார்த்தார். கிளச் இல்லாத அந்த வெறும் தரையில் கையை வைத்தார். பவளராணி பின்னால் நின்று பார்த்தாள். அவளுக்குத் துக்கமாக இருந்தது, அதே நேரம் என்றுமில்லாத ஒரு சந்தோஷமும் வந்தது. இரண்டையும் பிரித்துச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

முன் சில்லடியில் கிடந்த காய் ஒரு பக்கம் பழுத்திருந்தது. மாற்ற இன்னும் ஒரு நாள் இருந்தது. பவளராணி குசினிக்குப் போய், கூடையைக் கவிழ்த்து, நல்லதாக நாலு பார்த்து எடுத்தாள்.